வலது கையின் ஒன்பது விநாடி

ஆகஸ்ட் 29

மச்சானுக்கு,

எழுதலாமா வேண்டாமான்னு பத்து நாளா யோசிச்சேன். ஃபோன்ல என் நம்பரைத் தடுத்து வச்சிருக்கீங்க. வாசலுக்கு வந்தா கதவைச் சாத்துவேன்னு சொல்லி அனுப்பினீங்க. கடிதம்னா கிழிச்சுப் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது பிரிச்சுப் பாப்பீங்கங்கற தைரியத்துல எழுதறேன்.

உங்க தங்கச்சியப் பத்திப் புதுசா ஒண்ணும் தெரியல. ஜனவரி 11ஆம் தேதி கைப்பையோட போனவதான். வாரா வாரம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறேன். போனா உக்காரச் சொல்றாங்க, டீ வாங்கித் தர்றாங்க, வேற எதுவும் நடக்கல.

இப்ப விஷயம் வாட்ச் பத்தி. கோவப்படாதீங்க. நம்ம மூணு வாட்ச் பெட்டி கடைசியா என்கிட்டயே நின்னு போச்சே, அதை நான் சும்மா வைக்கல. ஒன்பது வருஷமா மாசம் ஒரு வீடுன்னு தபால்ல போய்ட்டு வந்த பெட்டி. உங்க டைவ் வாட்ச், என் பைலட் வாட்ச், அவளோட மெல்லிசான ஃபீல்டு வாட்ச். மூணும் சேர்ந்தாலும் கடைத்தெருவுல கண்ணாடிக்குப் பின்னாடி இருக்கிற ஒரு வாட்ச்சோட பட்டை விலை வராது. ஆனாலும் தினம் காலைல ஏழு மணிக்கு ரேடியோ நேரத்தோட ஒப்பிட்டு எத்தனை விநாடி முந்துது, எத்தனை விநாடி பிந்துதுன்னு நோட்டுல எழுதறத நான் விடல. அவ போனதுக்கப்புறம் அவ வாட்ச்சுக்கும் நானே சாவி கொடுத்து, முகம் மேல பாக்கற மாதிரி மேஜையில வச்சிடுவேன்.

எட்டு மாசக் கணக்கு இது. டைவ் வாட்ச் ஒரு நாள் பதினஞ்சு முந்துது, மறுநாள் ஆறு பிந்துது, உங்க மூடு மாதிரிதான். பைலட் ஒரே சீரா அஞ்சு முந்துது. அதோட பெரிய முகத்தை ஏணி மேல நின்னும் படிக்க முடியுது. லிஃப்ட் மெக்கானிக்குக்கு அதுதான் லாயக்குன்னு இன்னமும் சொல்றேன். ஃபீல்டு வாட்ச் தினம் ரெண்டு முந்துது. ஜனவரியிலிருந்து ஆகஸ்ட் 16 வரைக்கும் ரெண்டு, ரெண்டு, ரெண்டு.

ஆகஸ்ட் 17லேருந்து ஒன்பது. நடுவுல மூணு, நாலு எதுவும் இல்ல. ஒரே தாவா ஒன்பதுக்குப் போய் அங்கயே நிக்குது. கீழ விழல, தண்ணி படல, நான் இடத்த விட்டு நகத்தவும் இல்ல. எண்ணெய் காஞ்சு போச்சா? உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும். அவ திரும்பி வரும்போது வாட்ச் கெட்டுக் கிடந்தா என்னைத்தான் கேப்பா.

மாப்ளே

•

செப்டம்பர் 4

மாப்பிள்ளை அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. என் தங்கை காணாமல் போய் எட்டு மாதம் ஆகிறது. தாங்கள் எனக்கு எழுதிய முதல் கடிதம் எண்ணெய் காய்ந்ததா என்று கேட்டு. நன்றாக இருக்கிறது.

இதுக்கு மேல எனக்கு இலக்கணமா எழுத வரல. நேரா கேக்கறேன். எங்கடா வச்சிருக்க அவள?

நான் எடை போடற தராசுகளப் பரிசோதிச்சு முத்திரை குத்தற ஆளு. முப்பது வருஷமா எண்ணோடதான் குடித்தனம். நாலு வருஷம் முன்னாடி அந்த ஃபீல்டு வாட்ச்சுக்கு நான் போட்டு வச்ச அட்டவணை இப்ப என் முன்னாடி இருக்கு. நீ எங்க அதையெல்லாம் படிச்ச, உனக்கு முகம் பெருசா இருந்தா போதும். கேட்டுக்கோ. எந்த வாட்ச்சும் எல்லா நிலையிலயும் ஒரே மாதிரி ஓடாது. முகம் மேல பாத்துப் படுத்திருந்தா இது ரெண்டு விநாடி முந்தும். இடது கையில கட்டினா சாவிக் குமிழ் தரையப் பாத்துத் தொங்கும், நாலு பிந்தும். வலது கையில கட்டினா குமிழ் வானத்தப் பாக்கும், ஒன்பது முந்தும். நீயும் நானும் இடது கையில கட்டறவங்க. நம்மள்ல வலது கையில கட்டற ஒரே ஆளு யாரு? இடது கைப் பழக்கம் உள்ளவ யாரு?

அட்டவணையில ஒன்பதுக்குப் பக்கத்துல அவ கையெழுத்து இருக்கு: “அண்ணா, இது என் நம்பர், வேற யாருக்கும் தரக்கூடாது.” சிரிச்ச முகம் ஒண்ணு வரைஞ்சிருக்கா.

அவ உன் வீட்லதான் இருக்கா. இல்ல, நீ வேலைக்குப் போன பிறகு வந்து போறா. ஆகஸ்ட் 17லேருந்து அந்த வாட்ச்ச அவ கையில கட்டியிருக்கா. உயிரோட இருக்கா. எனக்கு அது போதும். ஏன் மறைக்கற? அவ மறைக்கச் சொன்னாளா? சொல்லியிருந்தாலும் பரவால்ல, “இருக்கா”ன்னு ஒரு வரி எழுது. என் வீட்டுக்காரி, உங்க அக்காகிட்ட கூட சொல்ல மாட்டேன்.

மச்சான்

•

செப்டம்பர் 10

மச்சானுக்கு,

உங்க கடிதத்தப் படிச்சேன். முதல்ல கோவம். பொண்டாட்டிய ஒளிச்சு வச்சுட்டு ஸ்டேஷன் ஸ்டேஷனா அலையறவன்னு நினைச்சுட்டீங்களே. அப்புறம் கோவத்த மீறி ஒரு ஆசை வந்துச்சு. வெக்கத்த விட்டுச் சொல்றேன், பரண்ல ஏறிப் பாத்தேன். கட்டிலுக்கு அடியில, தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி, எல்லா இடத்துலயும் பாத்தேன். ரெண்டு ரூம் வீட்ல ஒரு ஆள எங்க மச்சான் ஒளிக்க முடியும்?

ரெண்டு நாள் லீவு போட்டு, பூட்டுன வீட்டுக்குள்ள மேஜைக்கு எதிரே உக்காந்திருந்தேன். யாரும் வரல. வாட்ச் படுத்த இடத்துலயே படுத்திருந்துச்சு. மறுநாள் ஏழு மணிக்குப் பாத்தா ஒன்பது.

அப்புறம் வேலை பாக்கற கட்டடத்துக்குக் கொண்டு போனேன். பன்னெண்டு மாடி, உச்சியில மெஷின் ரூம், சாவி என் இடுப்புல. இரும்பு டூல் பெட்டியில முகம் மேல வச்சு இன்னொரு பூட்டும் போட்டேன். மூணு நாள், மூணு நாளும் ஒன்பது. மூணாவது நாள் கயிறு மாத்த லிஃப்ட நிறுத்தியிருந்தோம். மோட்டார் ஆறிப் போச்சு. பெட்டியத் திறந்தா ஸ்பேனர் எல்லாம் ஜில்லுனு இருக்கு. வாட்ச்சோட முதுகு மட்டும் கதகதன்னு இருந்துச்சு, இப்பத்தான் யாரோ கையிலிருந்து கழட்டி வச்ச மாதிரி. நான் பயந்தாங்கொள்ளி இல்ல, உங்களுக்கே தெரியும். அன்னிக்கு லிஃப்ட் இல்லாம பன்னெண்டு மாடியும் திரும்பிப் பாக்காம இறங்கினேன்.

அவ ஏன் போனான்னு உங்ககிட்ட முழுசா சொன்னதில்ல. பல் செட் செய்யற வேலைய அந்த ஆஸ்பத்திரில எத்தனை வருஷம் செஞ்சா. சொந்தமா, எங்க முன் ரூம்லயே பட்டறை போடணும்னு கேட்டா. வீட்டுக்கு ஆளுங்க வந்திருந்த நேரம். நான் பெரிய புத்திசாலி மாதிரி, “இடது கையால செஞ்ச பல்ல எவன் வாயில வைப்பான்”னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவளும் சிரிச்சா. மறுநாள் வேலை முடிஞ்சு வந்தேன், வாட்ச் மேஜை மேல இருந்துச்சு, அவ இல்ல.

ஒண்ணு கேக்கறேன். அவ உங்க வீட்டுக்குத்தான் வந்திருப்பான்னு அன்னிக்கே தோணுச்சு. நீங்க வரலன்னு சொன்னீங்க. நிஜமா வரலையா?

மாப்ளே

•

செப்டம்பர் 16

மாப்ளே,

போன கடிதத்துல வாய்க்கு வந்தபடி எழுதிட்டேன். மனசுல வச்சுக்காதே. உன்மேல சந்தேகம் இருந்திருந்தா நீ எழுதின ஒரு தாள நாலு தடவ படிச்சிருக்க மாட்டேன்.

நிதானமா யோசிப்போம். காந்தம் ஏறியிருக்குமோன்னு பாத்தேன். மோட்டார் பக்கத்துலயே பொழைப்பு நடத்தறவன் நீ. ஆனா காந்தம் ஏறினா நிமிஷக் கணக்குல தலைதெறிக்க ஓடும், ஒன்பதுல வந்து அடக்கமா உக்காராது. உள்ள இருக்கிற மெல்லிசு ஸ்பிரிங், அந்த மயிர்ச் சுருள், ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருக்கலாம். ஒட்டியிருந்தா நிலைக்கு நிலை கன்னாபின்னான்னு மாறும். அதனால ஒரு வேலை செய். ரெண்டு நாள் உன் இடது கையில கட்டு. நாலு பிந்தணும். பிந்தலன்னா எனக்கு அனுப்பு, நான் பாத்துக்கறேன். டைவ் வாட்ச்சும் வேண்டாம், பைலட்டும் வேண்டாம். அது மட்டும் வந்தா போதும்.

ஒன்பது வருஷம் அடிச்சுக்கிட்டோமே, எது உசத்தின்னு. நான் டைவ் வாட்ச்சுக்குக் கொடி பிடிச்சேன், இருநூறு மீட்டர் தண்ணி தாங்கும்னு. நீ போற ஆழம் லிஃப்ட் குழி, நான் போற ஆழம் குளியல் வாளி. அவ ஒருத்திதான் விவரமா பேசினா. டைவ் வாட்ச்சோட சுத்து வளையத்துக்குள்ள பல் செட் மாவு போய் அடைக்குது, பைலட் வாட்ச் சட்டைக் கைய மேல ஏத்த விடாது, இது ஒண்ணுதான் கையில இருக்கறதே தெரியாம வேலை செய்ய விடுதுன்னா. நாம கேட்டுட்டு மறுபடியும் நம்ம சண்டைக்கே போயிட்டோம்.

நீ கேட்ட கேள்விக்கு ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்திருக்கேன். அதுல இருக்கறதுதான்.

மச்சான்

•

செப்டம்பர் 24

மச்சானுக்கு,

இடது கையில ரெண்டு நாள் கட்டினேன். பிந்தல. ரெண்டு நாளும் ஒன்பது முந்துச்சு.

இன்னொண்ணும் நடந்துச்சு. என் கைக்கு பட்டையில கடைசி ஓட்டை. அதுல மாட்டித்தான் கழட்டி வச்சேன். பல் தேய்ச்சுட்டு வந்து பாத்தா கொக்கி மூணாவது ஓட்டையில இருக்கு. அது அவ ஓட்டை. வெளிக்கதவுல தாழ்ப்பாள் போட்டபடியே இருந்துச்சு. நான் மறுபடியும் மாத்தல. அது அப்படியே இருக்கட்டும்னு பெட்டியில வச்சுட்டேன்.

வாட்ச்ச இன்னிக்குத் தனிப் பார்சலா அனுப்பிட்டேன். மனசே இல்ல. தபால்காரர்கிட்ட கொடுத்துட்டு வீட்டுக்கு வந்தா, பஸ் ஏத்தி விட்டுட்டு வந்த மாதிரி இருக்கு. பயமா இருந்ததெல்லாம் போய், கொஞ்ச நாளா அது பக்கத்துல உக்காந்துதான் சாப்பிட்டுக்கிட்டிருந்தேன். காலைல ஏழு மணிக்குச் சாவி கொடுங்க. மறக்காதீங்க, அவ ஒரு நாள் கூடத் தவறினதில்ல.

ஸ்டேஷன் தாள்ல என்ன இருக்குன்னு நான் கேக்கல.

மாப்ளே

•

அக்டோபர் 5

மாப்ளே,

வாட்ச் வந்து ஆறு நாள் ஆச்சு. தபால் பையில நாலஞ்சு நாள் சாவியில்லாம கிடந்தது, பிரிச்சப்போ நின்னுதான் இருந்துச்சு. அப்பாடான்னு இருந்துச்சு, சாதாரண வாட்ச்தான்னு. சாவி கொடுத்தேன்.

முகம் மேல ஒரு நாள் வச்சேன், ஒன்பது. முகம் கீழ, ஒன்பது. குமிழ் மேல, குமிழ் கீழ, ஒன்பது. என் இடது கையிலயும் ஒன்பது. எந்தப் பக்கம் புரட்டினாலும் ஒரே எண் காட்டற மெஷின் உலகத்துலயே கிடையாது மாப்ளே. கோடி கொடுத்து வாங்கற வாட்ச்சே அப்படி ஓடாது. நான் தினம் தராசுகளப் பாக்கறவன். இப்படி ஒரு தராசு வந்தா முத்திரை குத்த மாட்டேன், யாரோ உள்ள கை வச்சிருக்காங்கன்னு பறிமுதல் பண்ணுவேன்.

உங்க அக்காகிட்ட ஒண்ணும் சொல்லல. அவ பாட்டுக்கு மேஜை துடைக்கறப்போ எடுத்துட்டு, “யாரு கட்டியிருந்தா? பட்டை வேர்வையில நனைஞ்சிருக்கு”ன்னா. யாரும் கட்டலன்னேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பாத்துட்டு, “உங்ககிட்ட ஏதோ கேக்க வந்திருக்கு, சொல்லிடுங்க”ன்னுட்டு அடுப்படிக்குப் போயிட்டா. அவளுக்கு எதுவும் தெரியாது. வாய்க்கு வந்ததச் சொன்னாளோ என்னவோ.

சொல்லிடறேன். அவ வந்தா.

ஜனவரி 11, மத்தியானம் மூணு மணி. உங்க அக்கா வீட்ல இல்ல. கதவு திறந்துதான் இருந்துச்சு. நான் மேஜையில உக்காந்து புதுசா வந்த ஒரு மலிவு டைவ் வாட்ச்ச ரேடியோவோட ஒப்பிட்டு விநாடி எண்ணிக்கிட்டிருந்தேன். அவ கைப்பையோட வந்து நின்னா. நான் நிமிரல. கைய மட்டும் தூக்கி, “ஒரு நிமிஷம் இரும்மா, எண்ணிக்கிட்டிருக்கேன்”னேன். அவ நின்னா. அந்த ஒரு நிமிஷம் முழுக்க நின்னா. எண்ணி முடிச்சு நோட்டுல எழுதிட்டுதான் பாத்தேன். வலது கை வெறுமையா இருந்துச்சு. நான் முதல்ல கேட்டது என்ன தெரியுமா? “வாட்ச் எங்கம்மா?”

“உங்க ரெண்டு பேருக்கும் அதுதானே வேணும், அங்கயே வச்சுட்டு வந்துட்டேன்”னா. கொஞ்ச நாள் இங்க இருக்கட்டுமான்னு கேட்டா. நீ சொன்னதையும் சொன்னா. நான் அதை விளையாட்டுப் பேச்சுன்னேன். அனுசரிச்சுப் போம்மான்னேன். ரெண்டு நாள் கழிச்சு நானே அவன்கிட்ட பேசறேன், நீ அஞ்சு மணி பஸ்ஸப் பிடின்னேன். ஏன் அப்படிச் சொன்னேன்? இவள வச்சுக்கிட்டா உனக்கும் எனக்கும் முகம் கோணும், மாசா மாசம் வர்ற பெட்டி நின்னு போகும், பேச ஆள் இருக்காதுன்னு நினைச்சேன். உண்மை அதுதான். எழுதும்போதே என்னை நானே செருப்பால அடிச்சுக்கணும் போல இருக்கு. தண்ணி குடிச்சுட்டுப் போனா. பஸ் நிலையம் வரைக்கும் கூட நான் போகல.

மறுநாள் உன் ஃபோன் வந்தப்போ, வரலன்னு வாயில வந்துடுச்சு. ஸ்டேஷன்லயும் அதையே எழுதிக் கொடுத்தேன். ஒரு தடவ சொன்னத மாத்தத் தைரியம் வரல. அவங்க எட்டு மாசமா உன் ஊரச் சுத்தியே தேடினாங்க. அவ கிளம்பினது என் ஊர்லேருந்து. உன்மேல பழி போட்டு நான் கத்தினதெல்லாம் இதை மூடி வைக்கத்தான்.

அந்தப் பஸ் வழியில எட்டு ஊர் நிறுத்தம். அவ உன் ஊருக்கு வந்து சேரலன்னா நடுவுல எங்கயோ இறங்கியிருக்கணும். நாளைக்கே ஸ்டேஷனுக்குப் போய் எழுதினத மாத்தறேன். நீ எது வேணா திட்டு. ஆனா வாட்ச் ஒன்பது காட்டற வரைக்கும் அவ இருக்கா. அதை நான் விட மாட்டேன்.

மச்சான்

•

அக்டோபர் 9

உங்க கடிதம் கிடைச்சது. மெஷின் ரூம்ல படிச்சேன். கீழ யாரோ பெல் அடிச்சுக்கிட்டே இருந்தாங்க, பத்து நிமிஷம் லிஃப்ட நான் எடுக்கல.

திட்டறதுக்கு இப்ப நேரமில்ல. லீவு எழுதிக் கொடுத்துட்டேன். எட்டு ஊர்லயும் பல் ஆஸ்பத்திரி, பல் செட் கடை எங்கெல்லாம் இருக்கோ அங்கெல்லாம் அவ ஃபோட்டோவக் காட்டப் போறேன். வேற வேலை அவளுக்குத் தெரியாது, தெரிஞ்சத விடவும் மாட்டா. கிடைச்சா வாட்ச்ச உங்ககிட்டேருந்து வந்து வாங்கிக்கறேன். அவகிட்ட என் கையால கொடுக்கணும்.

அது வரைக்கும் சாவி கொடுங்க.

•

அக்டோபர் 27

மச்சானுக்கு,

உங்க ஊர்லேருந்து மூணாவது நிறுத்தம். உங்க வீட்லேருந்து பஸ்ல நாப்பது நிமிஷம்.

கடைத்தெரு முடியற இடத்துல ஒரு பல் செட் கடை. கடைக்காரம்மா ஃபோட்டோவப் பாத்ததும் நாற்காலியில உக்காந்துட்டாங்க. ஜனவரி மாசம் ஒரு சாயந்தரம் கைப்பையோட வந்து வேலை கேட்டாளாம். வேற பேர் சொல்லியிருக்கா. பின்னாடி இருக்கிற பெண்கள் விடுதியில ஒரு கட்டில். ஏழு மாசம் அங்க வேலை செஞ்சிருக்கா. வர்றவங்க எல்லாம், “அந்த இடது கைக்காரம்மா செஞ்ச செட்டுன்னா கடிக்கும்போது ஆடாது, அவங்களையே செய்யச் சொல்லுங்க”ன்னு கேப்பாங்களாம். இதைச் சொல்லிக்கிட்டே அந்தம்மா அழுதாங்க. நான் எங்க முகத்த வச்சுக்கறதுன்னு தெரியாம உக்காந்திருந்தேன்.

ஆகஸ்ட் மாசம் காய்ச்சல் வந்துச்சு. மூணு நாள் ஆஸ்பத்திரியில இருந்தா. 17ஆம் தேதி காலைல போயிட்டா.

அந்த ஆஸ்பத்திரிக்கே போய் தேதிய நர்ஸ்கிட்ட ரெண்டு தடவ கேட்டேன். நோட்டுல காட்டினாங்க. 17தான். கடைசி மூணு நாளும் நினைவு வந்து வந்து போச்சாம். நினைவு வர்றப்பல்லாம் வலது கையத் தடவிக்கிட்டே, “ஏழு ஆயிடுச்சா, சாவி கொடுக்கணுமே”ன்னு கேட்டாளாம். என்ன சாவின்னு அவங்களுக்குப் புரியல. நான் அதே ஏழு மணிக்கு மேஜை முன்னாடி நின்னு சாவி கொடுத்துக்கிட்டுதான் இருந்தேன் மச்சான்.

ஒன்பதுன்னா அவ உயிரோட இருக்கான்னு நினைச்சோம். கை அவ கைதான், அதுல நீங்க தப்பு பண்ணல. ஆனா அன்னிக்குத்தான் அவ அதைக் கட்ட வந்திருக்கா.

சொந்தக்காரங்க யாருன்னு தெரியாததால நகராட்சியிலதான் அடக்கம் பண்ணியிருக்காங்க. தலைமாட்டுல தகரத்துல ஒரு எண் அடிச்சு நட்டிருந்துச்சு. நேத்து, 26ஆம் தேதி காலைல பத்து மணிக்கு, அதைப் பிடுங்கிட்டு அவ பேர எழுதி நட்டேன். முழுப் பேரும் எழுதினேன். பல் செட் நிபுணர்னு கீழ எழுதினேன். பட்டறை போடவான்னு அவ கேட்டப்போ சொல்லாதத அங்க சொன்னேன், சத்தமாவே சொன்னேன். புல்லு வெட்டிக்கிட்டிருந்தவர் திரும்பிப் பாத்தார்.

இதை எழுதாம விட்டுடலாம்னு பாத்தேன், முடியல. அந்தப் பல் செட் கடைக்கு அடுத்த கடை இரும்புக் கடை. அங்க ஒரு பெரிய தராசு. அதுல உங்க முத்திரை இருக்கு. தேதி ஜூன் 12. நீங்க அங்க நின்னு எடைக்கல்ல ஒண்ணொண்ணா வச்சு எடுத்திருக்கீங்க. அவ சுவருக்கு அந்தப் பக்கம் உக்காந்து யாருக்கோ பல்லு செஞ்சுக்கிட்டிருந்திருக்கா. உங்க குரல் கேட்டிருக்கும். கடைக்காரம்மா சொன்னாங்க, ஜூன் மாசம் ஒரு நாள் திடீர்னு வேலைய வச்சுட்டுப் பின் ரூம்ல போய் கதவச் சாத்திக்கிட்டான்னு.

உங்கள மன்னிக்கணுமா வேண்டாமான்னு எனக்குத் தெரியல. என்னையே என்ன பண்றதுன்னு தெரியல. முதல்ல சிரிப்புக் காட்டினவன் நான்.

மாப்ளே

•

நவம்பர் 2

மாப்ளே,

ஸ்டேஷன்ல எழுதினத மாத்தி எழுதிக் கொடுத்துட்டேன், உன் கடிதம் வர்றதுக்கு முன்னாடியே. பொய் சொன்னதுக்கு என்ன உண்டோ அது வரட்டும். உங்க அக்காகிட்டயும் சொல்லிட்டேன். சாப்பாடு மட்டும் வைக்கறா.

ஜூன் 12 எனக்கு நினைவிருக்கு. அந்த இரும்புக் கடைத் தராசு இருபது கிராம் குறைச்சலா காட்டுச்சு. அதைச் சரி பண்ணி, கடைக்காரனத் திட்டி, ரெண்டு மணி நேரம் அங்க நின்னேன். வெயில் தாங்கல. பக்கத்துக் கடையில தண்ணி கேக்கலாம்னு ரெண்டு அடி வச்சேன். நேரமாச்சுன்னு திரும்பிட்டேன். இருபது கிராமக் கண்டுபிடிச்சவன் நான்.

உனக்கு ஒண்ணு சொல்லியாகணும். உன் கடிதம் என் கைக்கு வந்தது 31ஆம் தேதி. அதுக்கு முன்னாடி எனக்கு எதுவும் தெரியாது, நீ எந்த ஊர்ல இருக்கன்னு கூடத் தெரியாது. நோட்டுல இருக்கறத அப்படியே சொல்றேன். 24ஆம் தேதி ஒன்பது. 25, ஒன்பது. 26ஆம் தேதி காலைல ஏழு மணிக்கு ஒன்பது. நீ பேர் நட்டது பத்து மணிக்கு. 27ஆம் தேதி காலைல பாத்தேன். மூணு தடவ ரேடியோவோட ஒப்பிட்டேன்.

ரெண்டு.

அன்னியிலிருந்து ரெண்டுதான். முகம் மேல, மேஜையில, ரெண்டு. இடது கையில கட்டிப் பாத்தேன், நாலு பிந்துது. அட்டவணையில இருக்கறபடியே ஓடுது. கொக்கிய எந்த ஓட்டையில மாட்டினாலும் அங்கயே இருக்கு. முதுகுல கை வச்சா வெறும் இரும்பு.

27ஆம் தேதி நான் என்ன பண்ணினேன் தெரியுமா? சரியாயிடுச்சுன்னு சந்தோஷப்பட்டேன். மயிர்ச் சுருள் தானா விட்டுக்கிச்சுன்னு உனக்குக் கடிதம் எழுத உக்காந்தேன். பாதி எழுதியும் முடிச்சேன். முப்பது வருஷமா சரியான எண்ணத் தேடியே ஊர் ஊரா அலைஞ்சவன் இல்லையா.

இப்ப ஏழு மணி அடிக்கப் போகுது. சாவி கொடுத்துட்டேன். ரேடியோ ஓடிக்கிட்டிருக்கு. விநாடிய எண்ண முடியல மாப்ளே. ரெண்டுன்னு வந்துடும். நீ கிளம்பி வா, வந்து நீ பாத்துச் சொல்லு.

மச்சான்